டிபன் கடைப் பொறுப்புக்கு வருபவருக்கு: முதலில் ஆள், அடுத்து பட்டியல், பிறகுதான் புதுப் பண்டம்

40 பேர் உட்காரும் சைவ டிபன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 6.30 முதல் 11 வரை, மாலை 4 முதல் இரவு 10 வரை வியாபாரம். நீங்கள் சொந்தமாகத் தொடங்கியிருக்கலாம், அப்பாவிடமிருந்து கைக்கு வந்திருக்கலாம், மேனேஜராகச் சேர்ந்திருக்கலாம். பொறுப்புக்கு வந்த முதல் வாரமே எல்லாருக்கும் ஓர் ஆசை வரும்: புதுசாக ஏதாவது போட வேண்டும். பலகையில் பத்துப் பண்டம் கூடும். ஸ்டோரில் பாதி பிரித்த பாக்கெட்டுகள் சேரும். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் தோசைக்கல் திணறும். மூன்றாம் மாதம் தோசை மாஸ்டர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார்.

அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஆட்கள் நிலைக்க வேண்டும். அடுத்து பட்டியல் சுருங்க வேண்டும். புதுப் பண்டத்துக்கு அதன் பிறகுதான் நேரம். மூன்றும் சேர்ந்து சுமார் 100 நாள் வேலை.

முதல் 14 நாள்: எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்

14 நாள் என்றால் ஒவ்வொரு கிழமையும் இரண்டு முறை வந்துவிடும். அதற்குக் குறைவான கணக்கு ஏமாற்றும். இந்த நாட்களில் மூன்று இடத்தில் மூன்று நோட்டு வையுங்கள்.

கல்லாவில் ஒன்று. எந்தப் பண்டம், எந்த மணிக்கு, எத்தனை பிளேட், உட்கார்ந்து சாப்பிட்டதா பார்சலா என்று அதில் ஏறட்டும். பில் மெஷின் இருந்தால் பாதி வேலை அதுவே செய்துவிடும். தோசைக்கல் பக்கத்தில் இன்னொன்று. எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எந்த ஆர்டர் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று அதில் எழுதுங்கள். மூன்றாவது நோட்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். எச்சில் தட்டில் எது மீந்து வருகிறது என்பது அதில் இருக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். ஆனால் தேங்காய்ச் சட்னி பாதி அப்படியே திரும்பி வருகிறது, பொங்கலில் மிளகு ஒதுக்கப்படுகிறது, வடை ஒரு கடியோடு நிற்கிறது என்பதெல்லாம் கடையில் முதலில் தெரிவது தட்டு எடுக்கும் கிளீனருக்குத்தான். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

தேதிக்குப் பக்கத்தில் அமாவாசை, சஷ்டி, முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று சைவக் கடைக்குக் கூட்டம் கூடும். புரட்டாசியில் மாதம் முழுக்கக் கூடும். புரட்டாசிக் கணக்கை வைத்து ஐப்பசிக்கு மாவு அரைத்தால் நஷ்டம் உறுதி.

ஆட்கள்: நேரம், சாப்பாடு, பேச்சு

கடையின் பழக்கவழக்கம் எப்படி என்று தெரிய வேண்டுமானால், முதலாளி கல்லாவில் இல்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். புளித்த சட்னியை மாஸ்டர் கீழே கொட்டுகிறாரா, தண்ணீர் விட்டுக் கலக்கி அனுப்புகிறாரா? அந்த ஒரு நிமிட முடிவுதான் கடையின் குணம். அதைச் சுவரில் ஒட்டும் வாசகத்தால் மாற்ற முடியாது. வேலை நேரம், சாப்பாடு, பேசும் முறை, தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பது, இந்த நான்கும் சேர்ந்துதான் அதை மாற்றும்.

வேலை நேரத்தில் தொடங்குங்கள். தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம், 1958 சொல்வது நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுப்பு. காலை 5.30 முதல் 11.30 வரையும், மாலை 4 முதல் 10.30 வரையும் வேலை என்றால் ஒரு நாள் 12.5 மணி நேரம். தோசைக்கல், சாம்பார் சட்னி போடும் சரக்கு மாஸ்டர், பூரி வடை, சப்ளையர் மூவர், டேபிள் கிளீனர், பாத்திரம் என 8 இடங்கள். 8 × 12.5 × 7 = 700 மணி நேரம். இதை 48 ஆல் வகுத்தால் 14.58. அதாவது 15 பேர் வேண்டும். காலை 5.30க்கு மூன்று சப்ளையரும் தேவையில்லை, இரவு 9.30க்கு மேல் பூரி அடுப்பு தேவையில்லை என்று மெலிந்த நேரங்களைக் கழித்தால் 13 பேரில் ஓட்டலாம். 9 பேரை வைத்து ஓட்டும் கடையில் மிச்சமாவது போலத் தெரியும் சம்பளம், ஆள் ஓடிப்போன வாரத்தில் கூலிக்குப் பிடிக்கும் மாஸ்டருக்கே போய்விடும்.

அடுத்தது சாப்பாடு. டிபன் கடையில் வேலை செய்பவர்களுக்கு டிபன் சலித்திருக்கும், அவர்களுக்குச் சோறு வேண்டும். காலை வியாபாரம் முடிந்ததும் 11.15க்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் அதே மேசையில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடட்டும். சோறு, அன்று வைத்த ஒரு குழம்பு, ஒரு பொரியல், மோர். காலையில் மீந்த சாம்பாரைச் சோற்றில் ஊற்றி நின்றுகொண்டே சாப்பிடும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். தலைக்கு 40 ரூபாய் ஆனாலும் 13 பேருக்கு நாளுக்கு 520 ரூபாய்தான். நீங்களும் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். உப்பு கூடினால், எண்ணெய் காறினால் உங்கள் நாக்குக்கே தெரிந்துவிடும்.

பேச்சு. வாடிக்கையாளர் முன்னால் சப்ளையரை ‘டேய்’ என்று கூப்பிடும் கடையில், அந்தச் சப்ளையர் வாடிக்கையாளரிடம் எப்படிப் பணிவாகப் பேசுவார்? வயதில் மூத்தவரை ‘அண்ணே’, இளையவரைப் பெயர் சொல்லி அல்லது ‘தம்பி’, வேலை சொல்லும்போது ‘வாங்க, எடுங்க’. இதை முதல் நாளிலிருந்து நீங்கள் செய்தால் ஒரு மாதத்தில் சமையலறைக்குள் பரவிவிடும். இன்று பல கடைகளில் வடகிழக்கிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் வேலை செய்கிறார்கள். அவர்களை ‘ஹிந்திக்காரன்’ என்று மொத்தமாக அழைக்காமல் பெயர் சொல்லி அழையுங்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் தட்டில் எது எங்கே, எத்தனை கரண்டி என்று படம் எடுத்து ஒட்டினால் மொழிச் சிக்கலும் பெருமளவு தீரும்.

அட்வான்ஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்ததை இருவரும் கையெழுத்துப் போட்ட நோட்டில் எழுதுங்கள். மாதா மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பெரிய அட்வான்ஸ் ஆளைக் கட்டிப்போடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கடன் ஏற ஏற, அதை அடைக்க முடியாமல் இரவோடு இரவாகப் போவதுதான் அதிகம் நடக்கிறது.

பிற்பகல் 3.45க்குப் பத்து நிமிடக் கூட்டம். இதில் பேசும் வரிசை முக்கியம்: முதலில் கிளீனர், அடுத்து சப்ளையர்கள், பிறகு மாஸ்டர்கள், கடைசியில் நீங்கள். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அதோடு முடிந்தது. பேச வேண்டியது மூன்றே விஷயம்: காலையில் எது தீர்ந்தது, எது தட்டில் திரும்பியது, மாலையில் எது இல்லை. எது இல்லை என்பது தெரியாமல் சப்ளையர் ஆர்டர் எடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பி வந்து ‘சார், அது இல்லீங்க’ என்பது வாடிக்கையாளரை எரிச்சலூட்டும் முதல் விஷயம். தனி ஆளைக் கண்டிக்க வேண்டியிருந்தால் கூட்டத்தில் வேண்டாம். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தப்பு நோட்டு ஒன்று வையுங்கள். அதில் பெயர் எழுதக் கூடாது. தேதி, மணி, நடந்தது, காரணம், மாற்றியது, இந்த ஐந்து மட்டும். ‘ஞாயிறு 9.10, சாம்பார் தீர்ந்தது. பார்சலைக் கணக்கில் சேர்க்கவில்லை. இனி ஞாயிறு 5 லிட்டர் கூடுதல்.’ இப்படி எழுதினால் போதும். தட்டு உடைந்ததற்கும் ஆர்டர் மாறியதற்கும் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை தப்பு நடக்காமல் போகாது, உங்கள் கண்ணுக்கு வராமல் போகும். கெட்டுப்போன மாவை ஒளித்துவைத்து நல்ல மாவில் கலப்பது அபராதம் போடும் கடைகளில்தான். விலக்கு ஒன்றே ஒன்று: கை கழுவாமல் வேலைக்கு வருவது, காய்ச்சலை மறைப்பது போன்ற, வாடிக்கையாளர் வயிற்றைப் பாதிக்கும் விஷயங்கள். அதற்கு முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை அடுப்புப் பக்கம் இடமில்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்று சொன்னவருக்கு அன்றைய சம்பளம் பிடிக்காமல் இருந்தால்தான் இந்த விதி நிற்கும்.

உணவைக் கையாளும் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி, 25 பேருக்கு ஒருவர் வீதம் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஆகியவற்றை உணவுப் பாதுகாப்பு ஆணையம் எதிர்பார்க்கிறது. அந்தப் பயிற்சிக்கு நீங்கள் போவதைவிடச் சரக்கு மாஸ்டரை அனுப்புவது நல்லது. அடுப்பருகே நிற்பவர் அவர்தான்.

அளவு எழுத்தில் இருக்க வேண்டும்

மாஸ்டர் கைப்பக்குவம் என்ற சொல்லுக்கு மரியாதை உண்டு. ஆனால் மாஸ்டர் விடுப்பு எடுத்தால் கடையின் ருசியே மாறிவிடும் என்றால் அவருக்கு விடுப்பே கிடைக்காது. அவருடைய அளவை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, தராசில் நிறுத்து எழுதுங்கள். ‘நீங்க லீவுல போகணும்னா இது வேணும் மாஸ்டர்’ என்று காரணத்தைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். இல்லாவிட்டால் தன்னை அனுப்பிவிடப் போகிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார்.

இட்லிக்கு 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 3 கிலோ மாவு கிடைக்கும். இட்லி ஒன்றுக்கு 50 கிராம் என்றால் 60 இட்லி. காலைக்கு 400 இட்லி வேண்டுமானால் 20 கிலோ மாவு, அதாவது 7 கிலோ அரிசி, 1.75 கிலோ உளுந்து. உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். கிரைண்டர் சூடேறினால் மாவு பொங்காது. வழக்கமான நாளில் இரவு 8 மணிக்கு அரைத்து முடித்தால் காலை 5க்குப் புளித்திருக்கும். மார்கழியில் 12 மணி நேரம் கேட்கும், ஆகவே மாலை 5க்கே முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் 5 மணி நேரத்தில் பொங்கிவிடும். அப்போது குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். இந்தப் பருவ மாற்றம் எழுத்தில் இல்லாத கடையில் ஆண்டுக்கு இரண்டு முறை இட்லி கல்லாகிறது, குற்றம் உளுந்து வியாபாரி மேல் விழுகிறது.

சாம்பார் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் அடுப்பில் இருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். தேங்காய்ச் சட்னியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரையுங்கள். பழையதில் புதியதை ஊற்றவே கூடாது. திரும்பத் திரும்பக் காய்ந்து எண்ணெய் சிதைவதால் சேரும் துருவப் பொருட்கள் வடை எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இருக்கும் விதி. குறைந்துபோன எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றி நிரப்பிக்கொண்டே போவதால்தான் அந்த எல்லை மீறப்படுகிறது.

பட்டியலைச் சுருக்குதல்

தோசைக்கல்லிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் இந்தக் கடையின் வேகம் அந்தக் கல்லின் வேகம்தான். ஒரே நேரத்தில் 4 தோசை ஊற்றும் கல் என்று வையுங்கள். ஊற்றி, எடுத்து, துடைத்து, அடுத்தது ஊற்ற 3 நிமிடம். மணிக்கு 20 சுற்று, 80 தோசை. 40 இருக்கையில் ஒருவர் 25 நிமிடம் உட்கார்ந்தால் மணிக்கு 96 பேர் வருவார்கள். அதில் 60 பேருக்குத் தோசை, பார்சலுக்கு இன்னொரு 20. கல் அப்போதே நிரம்பிவிட்டது.

இந்த நேரத்தில் வெங்காய ஊத்தப்பம் ஆர்டர் வருகிறது. அது 6 நிமிடம் கல்லில் இருக்கும், இரண்டு தோசையின் இடம். மணிக்குப் பத்து ஊத்தப்பம் போனால் 80 பிளேட் 70 ஆகிவிடும். தீயையும் குறைக்க வேண்டியிருப்பதால் பக்கத்துத் தோசையும் வெளுத்துப்போகும். காத்திருக்கும் பத்துப் பேரில் இருவர் எழுந்து போனால் யாரும் அதை எழுதி வைப்பதில்லை. ஆகவே காலை 8 முதல் 10 வரை ஊத்தப்பமும் ரவா தோசையும் கிடையாது என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள். 10க்கு மேல் தாராளமாகக் கொடுங்கள். செல்போன் ஆப்பில் வரும் ஆர்டர்களுக்கும் இந்த இரண்டு மணி நேரம் இட்லி, பொங்கல், வடை மட்டும் திறந்திருக்கட்டும்.

அடுத்து, 14 நாள் நோட்டை எடுங்கள். 1982இல் அமெரிக்காவில் கசவானா, ஸ்மித் என்ற இருவர் உணவகப் பட்டியலை ஆராய ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அது டிபன் கடைக்கும் பொருந்தும். 20 பண்டம் இருந்தால் சராசரிப் பங்கு 5 சதவீதம். அதில் 70 சதவீதம், அதாவது 3.5 சதவீதம் விற்றால் அந்தப் பண்டம் ஓடுகிறது என்று பொருள். 14 நாளில் 9,000 பிளேட் விற்றிருந்தால் எல்லைக்கோடு 315 பிளேட். இன்னொரு பக்கம், ஒவ்வொரு பண்டத்துக்கும் விற்கும் விலையிலிருந்து சரக்கின் அடக்கத்தைக் கழித்து, கையில் நிற்கும் காசைப் போடுங்கள். காபி, டீயைத் தனிக் கணக்காக வையுங்கள். சேர்த்தால் மற்ற எல்லாம் சிறுத்துத் தெரியும்.

ஓடுகிறது, காசும் நிற்கிறது: தொடாதீர்கள், அளவைக்கூட மாற்றாதீர்கள். ஓடுகிறது, காசு நிற்கவில்லை: விலையை ஏற்றும் முன் கூடவரும் பொருளைப் பாருங்கள். பூரிக்கு மசால் இரண்டாம் முறை எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை மீதி வருகிறது என்பது தொட்டி நோட்டில் இருக்கும். காசு நிற்கிறது, ஓடவில்லை: பலகையில் கீழே இருப்பதை மேலே எழுதுங்கள், சப்ளையர் வாயால் சொல்லட்டும், ஒரு மாதம் பாருங்கள். இரண்டும் இல்லை: எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: அது மற்றப் பண்டங்களின் மாவையும் மசாலாவையும் பகிர்ந்துகொள்கிறதா? பொடி தோசை குறைவாக விற்றாலும் கூடுதல் வேலை இல்லை, இருக்கட்டும். தனி மாவு, தனிப் பாத்திரம், தனி ஆள் கேட்பதுதான் கடையை இழுத்துப் பிடிக்கும் பாரம்.

மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் கலிபோர்னியாவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையையே மூடி, பட்டியலை 9 பண்டமாகக் குறைத்துத் திறந்தார்கள். பின்னர் புதுக் கடை கட்டத் திட்டமிட்டபோது, சமையலறையில் யார் எங்கே நிற்பது என்பதை டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் வரைந்து, ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். உங்களுக்கு மைதானம் வேண்டாம், மொட்டை மாடி போதும். அடுப்பு, கல், சட்னி மேசை, தட்டு அடுக்கு, தொட்டி ஆகியவற்றை உண்மையான அளவில் வரையுங்கள். ஒரு மசால் தோசை தயாராக எத்தனை எட்டு, எத்தனை முறை இருவர் மோதிக்கொள்கிறார்கள் என்று எண்ணுங்கள். சட்னி வாளியை இரண்டடி நகர்த்துவதே பெரும்பாலும் கைமேல் பலன் தரும் மாற்றம்.

புதுப் பண்டம்

மூன்றாம் மாதம் இதற்கு வரலாம். புதுமைக்கு வெறும் உற்சாகம் போதாது, ஒரு நெருக்கடியோ குறையோ அதைத் தொடங்கிவைக்க வேண்டும். பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம் சொல்லும் வரலாறு இது: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள், ரவா இட்லி பிறந்தது. அரிசி இல்லை, ஆனால் இட்லிப் பானையும் வேக வைக்கத் தெரிந்த ஆட்களும் வாடிக்கையாளரும் அப்படியே இருந்தார்கள். மாறியது ஒரே ஒரு பொருள். புதுப் பண்டத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

ஆகவே யோசனையை அந்த நோட்டுகளிலிருந்து எடுங்கள். எது மீந்துபோகிறது, எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள், எந்த மணியில் அடுப்பு சும்மா இருக்கிறது? பிறகு இந்த நிபந்தனைகளில் வடிகட்டுங்கள்: புதிதாக வாங்க வேண்டிய பொருள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, புது அடுப்போ மெஷினோ கேட்கக் கூடாது, கூட்ட நேரத்தில் தோசைக்கல்லைத் தொடக் கூடாது. மாலை நாலரைக்கு இட்லிப் பானை ஓய்ந்திருக்கும்போது ஆவியில் வேகும் கொழுக்கட்டை இந்த மூன்றையும் தாண்டிவிடும். பனீர் தோசை மூன்றாவதில் விழுந்துவிடும்.

முயற்சியை வியாபார நேரத்துக்கு வெளியே வையுங்கள். ஸ்பெயினின் எல் புல்லி உணவகம் ஆண்டில் பாதி மாதங்கள் மூடியிருந்து, புதியவற்றைச் செய்து பார்க்க அந்தக் காலத்தை ஒதுக்கியது. நமக்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 முதல் 3.30 வரை போதும், அந்த நேரத்துக்குச் சம்பளக் கணக்கில் இடம் வைத்திருந்தால். முதல் வாரம் 10 பிளேட், கடை ஆட்களுக்கு மட்டும். இரண்டாம் வாரம் 20 பிளேட், செவ்வாய், புதன் மாலைகளில் விலைக்கு. இலவசமாகக் கொடுத்தால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் வாரம் 40. மூன்று வாரமும் தட்டைப் பாருங்கள். முழுதாகக் காலியான தட்டு பத்துக்கு எட்டு இருக்க வேண்டும், இரண்டாம் வாரம் சாப்பிட்டவர்களில் சிலர் மூன்றாம் வாரம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அன்றோடு நிறுத்துங்கள், யோசனை சொன்னவரை அடுத்த முறையும் கேளுங்கள்.

யோசனை யாருடையதோ அவருக்கு முதல் மூன்று மாதம் பிளேட்டுக்கு 1 ரூபாய் கொடுங்கள். அது பாத்திரம் கழுவும் அக்காவாக இருந்தால் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கையில் கொடுங்கள்.

பலகையில் ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும். 16 வரிக்கு மேல் எழுத இடமில்லாதபடி பலகையில் பெயிண்டால் கோடு அடித்து வைத்துவிட்டால், எதை இறக்குவது என்ற பேச்சு மதியச் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும்.